மரத்தடியில் பழமாகத் தெரிகிறது, ஆலையில் காய் என்கிறார்கள்: கண்ணை எதுவரை நம்பலாம்?

தோட்டத்து மண்டோர் (லாபிஸ், ஜொகூர்)

வணக்கம். லாபிஸ் பக்கம் பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்தில் வெட்டு வேலையைப் பார்த்துக்கொள்கிறேன். மரங்களுக்கு 18 வயது, குலை 9, 10 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஒரே காட்டிலிருந்து இரண்டு விதமாகப் புகார் வருகிறது. ஒரு பக்கம், அனுப்பிய குலைகளில் காய் கலந்திருக்கிறது என்று ஆலையில் கழிக்கிறார்கள். இன்னொரு பக்கம், அடுத்த சுற்றுக்குப் போனால் அதே காட்டில் முற்றி உதிர்ந்த குலைகள் வெட்டாமல் நிற்கின்றன. ஒரே மரத்தடியில் இரண்டு வெட்டுக்காரர்களை நிறுத்திக் கேட்டால் ஒருவர் சிவப்பு என்கிறார், இன்னொருவர் கறுப்பு என்கிறார். இருவரும் பொய் சொல்கிற ஆட்கள் கிடையாது.

வெளிச்சத்தால் இப்படி ஆகுமா? கண் பார்வைக் கோளாறா? எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பது? ஆலைக்கு வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினால் செல்லுமா?

கூடவே இன்னொன்று. ஆலையின் கழிவுநீர்க் குளத்துப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள், "வாடை ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம்" என்று மூக்கை நம்பி இறங்குகிறார்கள். அது சரியா?

பழத்தரம்

மண்டோர் அண்ணே, உங்கள் இரண்டு புகாருக்கும் காரணம் ஒன்றாக இருக்காது. தனித்தனியாகப் பாருங்கள்.

பழுத்த குலையை விட்டுவிட்டு வருவது பெரும்பாலும் காலை நேரத் தவறு. தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை 1982 ஜனவரி 1 முதல் அரை மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். அதனால் லாபிஸில் சூரியன் கிளம்பவே மாதத்தைப் பொறுத்து 6.45 முதல் 7.20 வரை ஆகிறது. பெரட்டு (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது) முடிந்து ஆட்கள் காட்டுக்குள் நுழையும்போது மட்டைகளுக்குக் கீழே இன்னும் இருட்டு. நல்ல வெளிச்சத்தில் வேலை செய்யும் பார்வை நரம்பணுக்களுக்கு 555 நானோமீட்டர் ஒளி அலைநீளத்திலுள்ள மஞ்சள் பச்சைதான் மிகத் துலக்கம். மங்கலில் வேலை செய்பவற்றுக்கோ 507 பக்கம், அதாவது நீலப் பச்சை. சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறையத் தெரியவே தெரியாது. புர்க்கின்யே என்ற செக் நாட்டு அறிவியலாளர் 200 ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கவனித்தார்: பகலில் பளிச்சென்று இருக்கும் சிவப்புப் பூ, விடியலில் இலையைவிடக் கறுத்துத் தெரியும். உங்கள் காட்டிலும் அதேதான். இலை தெளிவாகத் தெரியும், பழுத்த குலை கறுப்பாகத் தெரியும். பார்த்தவர் காய் என்று நினைத்து அடுத்த மரத்துக்குப் போய்விடுவார்.

கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஆனால் எவ்வளவு பழகினாலும் அந்த மங்கலில் சிவப்பு திரும்பி வராது. நிறத்தை வைத்து முடிவு எடுக்கிற வேலையை நன்றாக விடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை மட்டை அடுக்குவது, பாதை சுத்தம் என்று வேறு வேலை கொடுக்கலாம்.

காயை வெட்டிவிடுவது வேறு கதை. அதற்குப் பெரிய காரணம் பக்கத்துக் குலை. ஒரே மரத்தில் கன்னங்கரேலென்று ஒரு குலையும் அதன் அருகில் அரைகுறையாகச் செங்கறுப்பு ஏறிய குலையும் நின்றால், இரண்டாவது பழமாகவே தெரியும். அதே குலையை நன்கு பழுத்ததன் பக்கத்தில் வைத்தால் காயாகத் தெரியும். பாரிஸில் கோப்ளான் நெசவாலையின் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஷெவ்ரூல் என்ற வேதியியலாளருக்கும் இதே மாதிரி புகார்தான் வந்தது, கறுப்புச் சாயம் எடுப்பாக இல்லை என்று. சாயத்தைச் சோதித்தால் குறையில்லை. பக்கத்தில் ஓடிய நூலின் நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டியது. அதை விரிவாக ஆராய்ந்து 1839இல் நூலாகவே போட்டார். கண் நிறத்தைத் தனியாக எடை போடுவதில்லை, பக்கத்தில் இருப்பதோடு சேர்த்துத்தான் பார்க்கும். அதனால் "எவ்வளவு சிவப்பு" என்ற கேள்வியையே வெட்டுக்காரரிடம் கேட்கக் கூடாது என்பது என் கருத்து. எண்ணக்கூடியதைக் கேளுங்கள்.

மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் தர விதியும் நிறத்தோடு நிற்பதில்லை. பழுத்த குலை என்றால் செம்மஞ்சள் நிறம், சதை ஆரஞ்சு, பழம் உதிர்ந்த புதிய குழி குறைந்தது 10, பாதிக்கு மேல் பழம் குலையிலேயே இருக்க வேண்டும். 10 குழிக்குக் குறைந்தால் அரைப்பழம். கருஊதா நிறம், மஞ்சள் சதை, ஒரு குழியும் இல்லை என்றால் காய். பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டால் முற்றியது. முற்றியதில் கொழுப்பமிலம் ஏறிவிடும், காயில் எண்ணெய் குறைவு. ஆலைக்கு இரண்டுமே நட்டம்.

மரத்தடியில் நின்று பார்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தரையில் கிடக்கும் உதிரிப் பழம். எத்தனை கிடந்தால் வெட்டலாம் என்பதைத் தோட்டம்தான் நிர்ணயிக்கும், ஒன்று என்பார்கள், ஐந்து என்பார்கள். இந்த எண்ணிக்கையும் ஏமாற்றும், எப்படி என்றால்: போன சுற்றில் பொறுக்காமல் விட்டது காய்ந்து கிடக்கும். எலி கடித்துத் தள்ளியது கிடக்கும். மேட்டு மரத்தின் பழம் உருண்டு வந்து கிடக்கும். மாறாக, குலை நன்றாகப் பழுத்தும் உதிரி முழுக்க மட்டைக் கக்கத்தில் சிக்கிக்கொண்டு தரையில் ஒன்றுகூட இல்லாமலும் இருக்கும். ஆகவே ஒரு பழத்தைக் கையில் எடுங்கள். காம்புப் பக்கம் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் புதிது. சுருங்கி, பூஞ்சை படிந்திருந்தால் பழையது. பல் தடம் இருந்தால் எலி. சந்தேகம் வந்தால் கத்தியால் பிளந்து சதையைப் பாருங்கள். சுற்றுக்குச் சுற்று மரத்தடி வட்டத்தைச் சுத்தமாகப் பொறுக்கினால் இந்தக் குழப்பம் பாதி தீரும்.

கடைசியாக, குலை நுனியிலிருந்து அடிப்பக்கமாகப் பழுக்கும், வெளி வரிசை முதலில். நுனியை மட்டும் பார்த்து முடிவு செய்தால் அரைப்பழம் பழமாகிவிடும். வேறு ரகம் கலந்து நட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வழக்கமான ரகம் கறுப்பிலிருந்து சிவக்கும், இன்னொரு ரகம் பச்சையிலிருந்து ஆரஞ்சாகும். இரண்டுக்கும் ஒரே நிறக்கணக்கு ஒத்துவராது.

கண்ணாடிக் கடை

பழத்தரம் சார் சொன்னதோடு கண்ணின் பங்கையும் சேர்க்கிறேன்.

முதலில் கூர்மை. 6/6, அதாவது குறையில்லாத பார்வை உள்ளவர் 10 மீட்டர் உயரத்தில் 3 மில்லிமீட்டர் இடைவெளியைப் பிரித்துப் பார்ப்பார். 6/18 என்றால் அது 9 மில்லிமீட்டர். பழம் உதிர்ந்த குழி ஒரு சென்டிமீட்டர் பக்கம்தான் இருக்கும், அதனால் 6/18 உள்ளவருக்குக் குழியை எண்ணுவது வெறும் ஊகம். அவர் எழுத்துப் படிப்பார், மோட்டார் ஓட்டுவார், தனக்குக் குறை இருப்பதே தெரியாது. ஆறு மீட்டர் தூரத்தில் எழுத்து அட்டை வைத்து ஒவ்வொரு கண்ணையும் தனியாகச் சோதியுங்கள். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துச் சோதித்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும்.

இரண்டாவது நிறம். சிவப்பு, பச்சை குழம்புகிற குறை பிறவியிலேயே வருவது, எக்ஸ் குரோமோசோம் வழியாக. ஆண்களில் இனத்துக்கு இனம் வேறுபட்டு 100க்கு ஏறக்குறைய 4 முதல் 8 பேருக்கு இருக்கும், பெண்களுக்கு மிக அபூர்வம். ஒரு கும்பலில் 25 ஆண்கள் இருந்தால் ஒருவராவது இருப்பார் என்றே வைத்துக்கொள்ளலாம். இதில் ஒரு வகையினருக்குச் சிவப்பே மங்கிக் கறுத்துத் தெரியும், பழுத்த குலையை விட்டுவிட்டு வருவது இவர்கள். இன்னொரு வகையினருக்குச் சிவப்பு அவ்வளவு கறுக்காது, ஆனால் சிவப்பு, பழுப்பு, பச்சை ஒன்றோடொன்று கலந்து தெரியும். 1917இல் வந்த இஷிஹாரா புள்ளி அட்டைதான் இன்றும் சோதனைக்கு. பகல் வெளிச்சத்தில், அச்சிட்ட அட்டையில் செய்யுங்கள். கைபேசித் திரையில் செய்தால், அதுவும் இரவு மஞ்சள் வெளிச்சம் போட்டிருந்தால், முடிவு கெட்டுவிடும். குறை இருப்பது தெரிந்தால் அவரை வெட்டிலிருந்து நீக்கத் தேவையில்லை. உதிரியையும் குழியையும் எண்ணுகிற முறையில் அவர் யாருக்கும் சளைத்தவர் அல்ல. தயவுசெய்து எல்லோர் முன்னாலும் சோதித்து அவரைக் கூனிக்குறுக வைக்காதீர்கள்.

வயதானவர்களுக்குக் கண்புரை மெதுவாக ஏறும். லென்ஸ் மஞ்சளாகிக்கொண்டே போகும், மூளையும் அதற்குப் பழகிக்கொண்டே வரும், அதனால் நிறம் மாறியது அவருக்கே தெரியாது. வெள்ளைத் தாளை ஒரு கண்ணால் பார்த்து, உடனே மறு கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் பழுப்பாகத் தெரிந்தால் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். இரண்டிலும் புரை ஒரே அளவில் இருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது, அதையும் மனதில் வையுங்கள். வெயிலில் காலமெல்லாம் உழைத்தவர்களுக்குக் கண்ணின் வெள்ளையிலிருந்து கருவிழிமேல் சதை வளர்ந்து பார்வையைக் கோணலாக்குவதும் உண்டு.

பாதுகாப்புக் கண்ணாடி நிறமில்லாததாக இருக்கட்டும். மஞ்சள், அம்பர் கண்ணாடி நீலத்தை வெட்டிவிடும், அதன் வழியாகச் செங்கறுப்புக் குலை ஒரு படி சிவந்து தெரியும். ஒருவர் அம்பர், இன்னொருவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தால் உங்கள் இரண்டு வெட்டுக்காரர் தகராறுக்குக் காரணம் அங்கேயே முடிந்தது.

ஒரு கண் பழுதானவர் இருந்தால் குருட்டுப் புள்ளியையும் கணக்கில் எடுக்க வேண்டும். நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் பார்வையே இல்லை. தாளில் 8 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளி வைத்து, இடக் கண்ணை மூடி, வலக் கண்ணால் இடப் புள்ளியையே பார்த்துக்கொண்டு தாளை நகர்த்துங்கள். ஏறக்குறைய 30 சென்டிமீட்டரில் வலப் புள்ளி காணாமல் போகும். அந்த இடத்தில் ஓட்டை தெரியாது, வெறும் வெள்ளைத் தாளாகவே தெரியும். 10 மீட்டர் உயரத்தில் அந்த ஓட்டை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலம், முழுக் குலை மறைந்துவிடும், மூளை அங்கே மட்டையையும் இலையையும் நிரப்பிக் காட்டும். இரண்டு கண் உள்ளவருக்கு ஒன்றின் ஓட்டையை மற்றது மூடும். ஒற்றைக் கண்ணுள்ளவர் தலையை அசைத்து, மரத்தைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆலைப் பாதுகாப்பு

மூக்கு பற்றிய கேள்வியைப் பார்த்ததும் பதறிவிட்டது. மற்ற எல்லாவற்றையும் விட இதைத்தான் முதலில் உங்கள் ஆட்களிடம் சொல்ல வேண்டும்.

கழிவுக் குளத்திலும் கசடுத் தொட்டியிலும் காற்றில்லாமல் அழுகும்போது வருகிற வாயுவில் பெரும்பகுதி மீத்தேனும் கரியமில வாயுவும். இரண்டுக்கும் வாடை கிடையாது. அழுகிய முட்டை வாடை தருவது ஹைட்ரஜன் சல்பைடு. ஒரு பிபிஎம்மில் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) நூறில் ஒரு பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும், அவ்வளவு கூர்மை. ஆனால் 100 பிபிஎம் வந்தால் சில நிமிடத்தில் வாடை அறியும் நரம்பே மரத்துப்போகும். வாடை நின்றதும் "வாயு போய்விட்டது" என்று தோன்றும். உண்மையில் அது ஏறிக்கொண்டிருக்கும். 700, 1000 பிபிஎம்மில் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். காற்றைவிடக் கனமானதால் தொட்டியின் அடியில்தான் தேங்கும், மேலே நின்று முகர்ந்து பார்ப்பதில் பயனே இல்லை. கசடு வெளிப்பார்வைக்கு அமைதியாக இருக்கும், உள்ளே கரைந்திருக்கும் வாயு, காலை வைத்துக் கலக்கியதும் ஒரேயடியாகக் கிளம்பும். அதனால் இறங்கும் முன் எடுத்த அளவு மட்டும் போதாது, இறங்கியவர் உடம்பில் கருவி இருக்க வேண்டும். விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவதும் அவரும் விழுவதும் இந்த வகை விபத்துகளில் திரும்பத் திரும்ப நடப்பது.

மலேசியாவில் மூடிய இடங்களில் வேலை செய்வதற்கு 2010ஆம் ஆண்டின் நடைமுறை விதித்தொகுப்பு இருக்கிறது. வாயுச் சோதனைக்கும் இறங்குவதற்கும் பயிற்சிச் சான்றிதழ் உள்ளவர், வெளியே காவல் நிற்பவர், எழுத்து அனுமதி எல்லாம் வேண்டும். நான்கு வாயுக் கருவியில் அளக்கும் வரிசையைக் கேட்டு வையுங்கள். முதலில் ஆக்சிஜன், 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அடுத்து எரியும் வாயு, வெடிக்கும் கீழ் வரம்பில் (காற்றில் எவ்வளவு கலந்தால் தீப்பிடிக்கத் தொடங்குமோ அந்த அளவில்) 10 விழுக்காட்டுக்குக் கீழே. பிறகு நச்சு வாயு. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. எரியும் வாயுவை அளக்கும் வழக்கமான உணரி உள்ளே வாயுவை எரித்துத்தான் அளக்கிறது, ஆக்சிஜன் குறைந்தால் எரியாது, இருப்பதைக் குறைத்துக் காட்டும். மேல், நடு, அடி என மூன்று மட்டத்தில் எடுங்கள். நீளமான குழாய் போட்டால் காற்று கருவிக்கு வந்து சேர நேரம் ஆகும், குறிப்பேட்டில் ஒரு மீட்டருக்கு எத்தனை வினாடி என்று போட்டிருக்கும், அதற்குமேல் காத்திருக்க வேண்டும். வேலைக்கு முன் சோதனை வாயுவைக் காட்டிக் கருவி அலறுகிறதா என்று பாருங்கள். திரையில் பூஜ்யம் நிற்பது செத்த உணரியாலும் இருக்கலாம்.

கையை நம்புவதும் இப்படித்தான். மோட்டார் தாங்கி (பேரிங்) சூடாகிவிட்டதா என்று தொட்டுப் பார்க்கிறார்கள். இரும்பும் மரமும் ஒரே வெப்பத்தில் இருந்தாலும் இரும்பு கையில் அதிகம் சுடும், வெப்பத்தை வேகமாகக் கொடுப்பதால். 60 பாகை செல்சியஸில் இரும்பு சில வினாடியில் தோலைப் பொசுக்கும், அதற்கு மேல் 70க்கும் 90க்கும் கைக்கு வித்தியாசம் தெரியாது. துப்பாக்கி வடிவ வெப்பமானி வாங்கினால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். பளபளக்கும் இரும்பில் அது மிகவும் குறைத்துக் காட்டும். கறுப்பு ஒட்டுநாடாவோ மங்கலான பெயிண்டோ வைத்து, அந்த இடத்தில் குறிவைத்து அளவெடுங்கள்.

தோட்டத்து மண்டோர் (லாபிஸ், ஜொகூர்)

மூவருக்கும் நன்றி. குளத்து விஷயத்தை நாளைப் பெரட்டிலேயே சொல்லிவிடுகிறேன். படம் அனுப்புவது பற்றியும், ஆட்களைச் சண்டையில்லாமல் எப்படிச் சோதிப்பது என்பதையும் சொல்லுங்கள்.

பழத்தரம்

கைபேசிப் படத்தை நிறத்துக்குச் சாட்சியாக வைக்காதீர்கள் அண்ணே. இலைகளின் வழியாக வருகிற பச்சை வெளிச்சத்தைச் சரிக்கட்ட கேமரா தானாகவே படத்தைச் சிவப்புப் பக்கம் தள்ளும். அதே குலை வெட்டிய குலைகளைச் சேர்த்து வைக்கும் வெட்டவெளி மேடையில் வேறு நிறத்தில் விழும். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் குலையை வெளியே எடுத்து, வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்து, உதிர்ந்த குழிகள் தெரியும் பக்கத்தைக் கிட்டத்தில் எடுங்கள். ஒரு பழத்தைப் பிளந்து சதை தெரியவும் ஒரு படம். எண்ணிப் பார்க்கிற மாதிரி படம் இருந்தால் ஆலையும் வாதாட முடியாது.

ஆட்களைச் சோதிக்க மேடையில் 30 குலை எடுத்து எண் ஒட்டுங்கள். காய், அரைப்பழம், பழம், முற்றியது எல்லாம் கலந்து, ஒழுங்கில்லாத வரிசையில். ஒவ்வொருவரும் தனியாக வந்து பார்த்து, பேசாமல் தாளில் எழுதட்டும். இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. மண்டோர் "இது பழம்தானே" என்று வாய்விட்டால் மற்றவர் கண்ணுக்கும் அது பழமாகிவிடும். அதில் மரியாதையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. எல்லோரும் எழுதி முடித்த பிறகு குழியை எண்ணி, சதையைப் பிளந்து விடை எழுதுங்கள்.

தவறுகளை ஒன்றாகக் கூட்டாதீர்கள். காயைப் பழம் என்றது ஒரு பத்தி, பழத்தைக் காய் என்றது இன்னொரு பத்தி. முதல் பத்தி நிரம்பியவருக்குப் பெரும்பாலும் டன் கணக்குக் கூலியின் அவசரமோ அம்பர் கண்ணாடியோ காரணமாக இருக்கும். இரண்டாவது பத்தி நிரம்பியவரைக் கண்ணாடிக் கடை சார் சொன்ன நிறச் சோதனைக்கு அனுப்புங்கள். அதே நாளில், பிளந்து பார்க்கும் முன், குலைகளை இடம் மாற்றி மறுபடியும் ஒரு முறை எழுதச் சொல்லுங்கள். இரண்டு தடவையும் ஒரே குலைக்கு வேறு விடை எழுதுகிறவரிடம் இன்னும் அளவுகோல் அமையவில்லை, அவருக்குப் பயிற்சி போதும். இரண்டு தடவையும் ஒரே மாதிரி தவறு செய்கிறவருக்கு அளவுகோல் இருக்கிறது, அது நகர்ந்திருக்கிறது. அவரை ஆலையின் தரம் பார்ப்பவரோடு ஒரு லோரிக் குலையைச் சேர்ந்து பார்க்க வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சோதனைக் குலைகள் அன்று வெட்டியதாக இருக்கட்டும். ஒரு ராத்திரி மேடையில் கிடந்தால் அரைப்பழத்திலும் பழம் தானாக உதிரும், தூக்கி எறிந்தாலும் உதிரும், குழி 10ஐத் தாண்டிவிடும். ஆலையோடு உங்களுக்கு இருக்கும் தகராறில் ஒரு பங்கு இதனாலும் இருக்கலாம், ஆகவே வெட்டிய தேதியையும் நேரத்தையும் லோரிச் சீட்டில் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) எழுதுகிறாரா என்று பாருங்கள்.